கண்ணாடிக்குள் ஒரு தடை உத்தரவு

"ஒரு கையெழுத்துதானே கேக்குறேன்? என்னமோ உசுரைக் கேட்ட மாதிரி முழிக்கிறீங்க!" என்றார் வக்கீல்.

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். அவர் தலைக்கு மேலே, சுவரில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது அந்தத் தடை உத்தரவு. பாலம் கட்டுவதற்காக இந்த எட்டுக் கடைகளையும் இடிக்க வந்தபோது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வக்கீல் தொண்டை கிழிய வாதாடி வாங்கியது. அதன்பிறகு எந்த அதிகாரி வந்தாலும் தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவார். அதிகாரி முத்திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

அந்த உத்தரவைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படம்தான் வக்கீலின் தேர்தல் சுவரொட்டி. வேறெதையும் அவர் சாதித்ததில்லை என்பதால் வேறு படமும் இல்லை. ஜெயித்துச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். இப்போது அதே பாலத்துக்கு அடிக்கல் நாட்டக் கட்சித் தலைவர் நாள் குறித்துவிட்டார். "நீ போட்ட தடையை நீயே எடு. எடுத்தா மந்திரி. இல்லைன்னா அடுத்த தடவை சீட்டு கிடையாது."

"வழக்கை வாபஸ் வாங்குறேன்னு ஒரு வரி. அவ்வளவுதான்."

"வேணாங்கய்யா. கோர்ட்டுப் பக்கம் மட்டும் போகாதீங்க. அந்தக் காகிதத்தைக் கிளறுனா உங்களுக்கு நல்லதில்ல."

"மிரட்டுறீங்களா?"

"ஐயையோ! உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இருபது வருஷமாக வழக்குகளில் எதிர்த்தரப்புக்கு அனுப்பிய நோட்டீஸ்களில் வக்கீலும் இதையேதான் எழுதியிருக்கிறார். அதனால் அது மிரட்டல்தான் என்று முடிவு கட்டினார்.

முதலில் ஆசை காட்டினார். புது வணிக வளாகத்தில் தையல்காரருக்குக் கடை என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் மற்ற ஏழு கடைக்காரர்களும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கும் எழுதினார். வளாகத்தில் காலியாக இருந்தது மூன்றே கடைகள். மறுநாள் எட்டுப் பேரும் அங்கே சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு சமாதானமாகி, ஒன்றாகச் சேர்ந்து வக்கீலைத் திட்டினார்கள்.

அடுத்து, தன் ஜூனியரைக் கூப்பிட்டார்.

"நீ போய்ப் பேசி எப்படியாவது கையெழுத்து வாங்கிட்டு வாம்மா."

"சார், 'ஒருத்தன் பொழப்பை இடிச்சுட்டு எதைக் கட்டுனாலும் அது கல்லறைதான்'னு நீங்க வாதாடுனீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் நான் சட்டம் படிக்கவே வந்தேன்."

"அது வாதம்மா! வாதத்தைப் போய் யாராவது நம்புவாங்களா?"

அன்றே அவள் மேசையைக் காலி செய்துவிட்டுப் போனாள்.

வக்கீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டமன்றத்தில் வாயே திறக்காதவர், எழுந்து நின்று அரை மணி நேரம் பேசினார். வளர்ச்சிக்குக் குறுக்கே ஒரு தையல்காரன் நிற்கிறான், மக்கள் பிரதிநிதியையே மிரட்டுகிறான் என்று முழங்கினார். மேசைகள் அதிர்ந்தன. பேச்சு முடிவதற்குள் போலீஸ் ஜீப் கடை வாசலில் நின்றது. தையல்காரரை இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து விசாரித்தார்கள். "எங்க வக்கீலை நான் எதுக்குங்க மிரட்டுறேன்?" என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தெருக்காரர்கள் பழைய சுவரொட்டிகளைத் தேடித் தேடிக் கிழித்தார்கள். வக்கீலுக்கு உண்மையாகவே வலித்தது. இந்த ஜனங்களுக்கு நன்றியே கிடையாது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி ஒரு பொட்டலத்தை அவர் முன்னால் போட்டாள்.

"என் அளவு அந்த மனுஷனுக்கு மனப்பாடம். தைக்கக் குடுத்த துணியை வெட்டாமலே திருப்பி அனுப்பிட்டாரு. அப்படி என்னதான் பண்ணீங்க?"

"பொதுச்சேவை," என்றார் வக்கீல்.

இனி கையெழுத்தே வேண்டாம், நேரடியாக நீதிமன்றத்தில் மனு போட்டுத் தடையை உடைப்பது என்று தீர்மானித்தார். அதற்கு உத்தரவின் நகல் வேண்டும். நான்கு நிருபர்களையும் இரண்டு கேமராக்களையும் கூட்டிக்கொண்டு பதிவறைக்குள் நுழைந்தார்.

"நான் வாங்கிய தடையை மக்களுக்காக நானே உடைக்கிறேன்! எழுதிக்குங்க!"

பதிவறை எழுத்தர், ஓய்வு பெற ஒரு மாதமே இருந்த கிழவர், கேமராக்களைப் பார்த்துத் தயங்கினார்.

"இன்னொரு நாள் தனியா வாங்களேன், ஐயா."

"மறைக்க என்னய்யா இருக்கு? எல்லார் முன்னாடியும் எடுங்க!"

எழுத்தர் பெருமூச்சு விட்டுக்கொண்டே வழக்குக் கட்டை எடுத்துத் தூசி தட்டிப் பிரித்தார். உள்ளே இரண்டே தாள்கள்.

"இது ஆறு வாரத் தடைங்கய்யா. நீட்டிக்கிறதுக்கு வாய்தா போட்டாங்க. அன்னிக்கு நீங்க கட்சியில சேரப் போயிட்டீங்க. வக்கீல் வரலைன்னு வழக்கைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அதுவும் ஆச்சு பன்னிரண்டு வருஷம்."

கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வக்கீல் எழுத்தர் பக்கம் குனிந்தார்.

"இது... அந்தத் தையல்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? வருஷா வருஷம் வந்து, 'யாராச்சும் இந்தக் கட்டைக் கேட்டாங்களா'ன்னு விசாரிச்சுட்டுப் போவாரு," என்றார் எழுத்தர். "'வெளியே சொல்லிடாதீங்கய்யா, கடை போனாப் போகட்டும், எங்க வக்கீல் மானம் போயிடும்'னு கையைப் புடிச்சுக் கெஞ்சுவாரு."