குருட்டுப் பாம்புக்குப் பயந்து காதை அடைத்தவன்

படிக்காதவன் பயந்தால் ஓடிவிடுவான். படித்தவன் பயந்தால் உட்கார்ந்து ஏற்பாடு செய்வான். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் சயின்ஸில் எழுபது மார்க்.

நெய்வேலியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த காலம். நான் கான்ட்ராக்டில் டைம் கீப்பர். ஒருநாள் வெட்டிய மண்ணில் கறுப்பாக, சாண் நீளத்துக்கு ஏதோ நெளிந்தது. மண்புழு என்று குனிந்தேன். கூட வேலை செய்த ஏழுமலை என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“தொடாதீங்க, குருட்டுப் பாம்பு. அதுக்குக் கண்ணு கெடையாது. பொந்துன்னு நெனச்சிகினு தூங்கறவங்க காதுல பூந்துடும்ங்க.”

அது மண்ணுக்குள் போய்விட்டது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கொட்டகையில் தரையில் பாய் போட்டுப் படுப்பவன். வேப்பெண்ணெய்ப் பஞ்சை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு படுத்தேன். காலையில் எடுத்துவிடுவேன் (எடுத்ததாக நினைத்துக்கொள்வேன்). நாளாக நாளாக ஊரே அமைதியாகிக்கொண்டு வந்தது. மெஷின்களுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது வேலை பெர்மனென்ட் ஆவதற்கு மெடிக்கல் டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். குள்ளஞ்சாவடியில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா, பெர்மனென்ட் ஆர்டரைப் பார்த்தால்தான் தாம்பூலம் மாற்றுவேன் என்று சொல்லியிருந்தார்.

டாக்டர் கைகாட்டிய சுவரைப் பார்த்து நின்றேன்; அவர் என் பின்னால் போனார். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவர் முன்னால் வந்து காகிதத்தை நீட்டினார்: ‘காது கேட்கவில்லை. அன்ஃபிட்.’

கல்யாணமே போச்சே என்று அழுதுகொண்டே பாம்புக் கதையைச் சொன்னேன். இடுக்கியால் அவர் எடுத்த பஞ்சில் பிள்ளையாருக்கு ஒரு வாரம் விளக்கேற்றியிருக்கலாம். முதலில் கேட்டது டாக்டரின் சிரிப்பு.

“ஏம்பா, எறும்பு முட்டை தின்னுட்டு பூமிக்குள்ள கிடக்கிற அப்பாவி அது. பார்த்தவங்களே கொஞ்சம் பேர். நானே ஒண்ணைப் பார்க்கணும்னு இத்தனை வருஷமா தேடறேன், அது உன் காதைத் தேடி வரணுமா?”

பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு ‘ஃபிட்’ என்று எழுதினார்.

ஆர்டருடன் குள்ளஞ்சாவடி போனேன். அதற்குள் ‘மாப்பிள்ளை செவிடு’ என்று சேதி போய்விட்டது. மாமா ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் பித்தளைச் சொம்பு ஒன்று ணங்கென்று விழுந்தது. துள்ளித் திரும்பினேன். போட்டவள் பெண்.

“கேக்குதுப்பா,” என்றாள். நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் மூன்று பெண்களைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்கும் பின்னால் சொம்பு விழுந்தது. மூன்றாமவர் துள்ளியதில் காபி முழுவதும் என் வேட்டியில்.

“காது பரவால்லீங்க, கைதான் ஆடுது,” என்றாள் என் மனைவி. அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.