புள்ளிக்குப் பின்னால் ஒரு வரன்

தெற்குக் கல்கத்தாவில் பொருத்தம் மாமா சம்மதிக்காமல் எந்த இரண்டு பொருளும் ஒன்று சேர்ந்ததில்லை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கினால்கூட, கூட வந்த காய்களெல்லாம் எப்படி, முத்தலா இளசா என்று விசாரித்துவிட்டுத்தான் தன் வீட்டுத் துவரம்பருப்போடு அதைச் சேர்ப்பார். யாராவது குடை இரவல் கேட்டால், அவர் சுபாவம் எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வருவார். அதற்குள் மழை நின்றிருக்கும்.

தொழில், கல்யாணத் தரகு. நாற்பது வருஷமாகக் கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களுக்கு வரன் பார்த்தவர். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. முதலில் கேட்கக் கூச்சம். பிறகு, கேட்க முடியாத அளவுக்குப் பழகிவிட்டோம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்று கம்ப்யூட்டர் வைத்து ஒரு பிரௌசிங் சென்டர் நடத்திவந்தேன். ஒரு கார்த்திகை மாதக் காலையில் மாமா வந்து உட்கார்ந்தார்.

"டேய், எனக்கு ஒரு வெப்சைட் வேணும். தை பொறக்கறதுக்குள்ள."

"என்ன மாமா அவசரம்?"

"மெட்ராஸ்லேர்ந்து பையன் பேசினான். இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல வரன் பாக்கறாளாம். என் தகரப்பெட்டி ஜாதகத்தையெல்லாம் யாரும் தேட மாட்டாளாம். தை பொறந்ததும் வந்து கையோட கூட்டிண்டு போறானாம். நான் போக மாட்டேன். இந்த ஊர்ல நான் ஏறாத மாடிப்படி கிடையாது. அங்க போய் லிஃப்ட்ல நிக்கவா?"

அவர் போவதில் எனக்கும் சம்மதமில்லை. அதைச் சொல்ல வரவில்லை. "பண்ணிடலாம் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டே நாளில் பக்கங்களைத் தயார் செய்துவிட்டேன். தளத்தின் பெயர் அவருடைய பட்டப்பெயரேதான். பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து என்ன வால் போடுவது என்பதுதான் பாக்கி. டாட் காம், டாட் நெட் என்று இருப்பதில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

"எத்தனை வரன் இருக்கு?" என்றார் மாமா, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

"எல்லாரும் எடுக்கறது டாட் காம்தான் மாமா."

"எல்லாரும் ஓடறான்னா ஏதோ விஷயம் இருக்கு. நாலு இடத்துல விசாரிக்கலாம்."

மாமாவின் விசாரிப்பு பிரசித்தம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் போய் நிற்பார். அதே முறைப்படி, காமில் முடியும் தளங்களாகக் கண்ணை மூடிக்கொண்டு பத்தைத் திறக்கச் சொன்னார். நான்காவதைத் திறந்ததும் அரைகுறை உடையில் ஒரு பெண் குட்டி ஜன்னலில் எட்டிப்பார்த்து, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றாள். மூடினேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

மாமா துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். "குடும்பம் சரியில்லை. வாசக்கதவைத் தட்டினதும் உள்ளேர்ந்து யார் யாரோ ஓடி வரா."

கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்த வங்காளிக் கல்லூரிப் பெண், "மேஷோமஷாய், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மாமாவை வங்காளி முறைப்படி சித்தப்பாவாக்கிக் கேட்டாள். கல்யாண விஷயம் என்று மாமாவும் வங்காளியிலேயே சொன்னார். அவள் தன் வேலையை மறந்து பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவளும் விசாரணைக் குழுவில் இருந்தாள்.

டாட் ஆர்கில் பதினாறு தளம் பார்த்தோம். பாதிக்குமேல் நன்கொடை கேட்டன. "நல்ல மனுஷா. ஆனா கையேந்திண்டு நிக்கறா. பொண்ணைக் குடுத்தா நாமதான் அரிசியும் அனுப்பணும்."

டாட் கோ டாட் இன்னில் இரண்டு புள்ளி. "கூட்டுக் குடும்பம். வேண்டாம்."

டாட் நெட்டைப் பற்றி யாருமே கெடுதலாகச் சொல்லவில்லை. அதனாலேயே சந்தேகப்பட்டார்.

இந்தியாவுக்கென்றே உள்ள டாட் இன் அப்போதுதான் எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்திருந்தது. "உள்ளூர்ப் பையன்" என்று மாமாவின் முகம் மலர்ந்தது. "பொறந்த நேரம் என்ன?"

"நேரமெல்லாம் தெரியாது மாமா."

"அப்ப ஆயுசு எப்படிப் பாக்கறது?"

ஆனாலும் மனசு அதில் நின்றுவிட்டது. உடனே பதிவுப் பக்கத்தைத் திறந்து பெயரைத் தட்டிவிட்டு, சரி என்று அழுத்தப் போனேன். மாமா கையைப் பிடித்தார். "பொண்ணாத்துக்காரா பறக்கக் கூடாது. ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு சொல்லு." டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது, நேரமாகிவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று திரையில் இருந்தது.

"பாத்தியா, பொறுமை இல்லாத பையன்" என்றார் மாமா.

இப்படியே மூன்று வாரம். கார்த்திகை கடைசி நாளன்று, "இன்னிக்காவது முடிக்கலாமே" என்றேன். ராகுகாலம் போகட்டும் என்றார். போனபின் கரண்ட் போய்விட்டது. மறுநாள் மார்கழி.

"மார்கழில யாராவது நிச்சயம் பண்ணுவாளோ?" என்றார்.

"தை பொறந்தா உங்க பையன் வந்துடுவாரே மாமா."

 மாமா அன்று விசாரிப்பே செய்யவில்லை. தகரப்பெட்டியில் இருந்த ஜாதகங்களை யார் யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் கதவைப் பாதி சாத்திவிட்டு, யாரையும் கேட்காமல் டாட் இன்னைப் பதிவு செய்துவிட்டேன். கடை பில்லைத் தவிர வேறெதிலும் நானாக ஒரு முடிவு எடுத்தவனில்லை. 

காலையில் விஷயத்தைச் சொன்னேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆத்துக்குச் சொல்லாம காளிகாட் கோவில்ல மாலை மாத்திண்டு வந்து நிக்கற பையனாட்டம் நிக்கறியே. அதுவும் மார்கழில."

"தப்புதான் மாமா."

"நடந்தது நடந்துடுத்து. இனிமே நாலு பேருக்குச் சொல்லித்தானே ஆகணும்" என்று எழுந்து போனவர், ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு திரும்பி வந்து கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வங்காளிப் பெண்ணுக்கு இரண்டு.

உலகம் முழுக்கத் தெரியும் தளத்துக்கு முதல் ஜாதகம் ஹவுராப் பக்கத்துச் சாந்த்ராகாச்சியிலிருந்து வந்தது. ரயில்வேக்காரர் ஒருவர். பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரம். இப்படி ஒரு மாமா இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாதாம். அவர் பெண்ணுக்கு வங்காளி நன்றாக வரும், தமிழ் சுமார். அதே அளவுக்குத் தமிழ் தெரியாத ஹவுராப் பையன் ஒருவன் மாமாவின் பெட்டியில் ஜாதகமாகக் காத்திருந்தான்.

பொங்கலுக்கு மறுநாள் மகன் வந்தார். அப்பாவை ரயிலேற்ற வந்தவரை மாமா என் கடையில் உட்காரவைத்து, வரன் கேட்டு வந்திருந்த ஏழு மெயிலையும் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு மகன் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். "சரிப்பா, இருங்கோ. இனிமே கூப்பிடலை" என்று தனியாக ஊருக்குப் போனார்.

பதிவு ஒரு வருஷத்துக்குத்தான், புதுப்பிக்க வேண்டும் என்று மாமாவிடம் பிறகுதான் சொன்னேன். "கல்யாணத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கறதா?" என்று அதிர்ந்துபோனார். ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகையிலும் துண்டும் கண்ணாடியுமாக வந்துவிடுவார். புதுசாக என்னென்ன வந்திருக்கிறது என்று கேட்டு, காமிலிருந்து ஆரம்பித்து எல்லா வரனையும் மறுபடி விசாரித்து, மூன்று வாரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளூர்ப் பையனே இருக்கட்டும் என்பார். அவர் இருந்தவரை அப்படித்தான் நடந்தது.

பத்து வருஷத்துக்குச் சேர்த்தே பதிவு செய்துகொள்ளலாம் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவரிடம் மட்டும் நான் அதைச் சொல்லவே இல்லை.