ஊதல் அக்காவின் ஒத்திகை

“காலேஜ் வரைக்கும் போனது, கோழியப் பிடிச்சுக் கூடைக்குள்ள அடைக்கவாடி?” என்று சித்தி ஒருமுறை என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். சித்திக்கு இப்படியொரு சந்தேகம் வரக் காரணம் ஊதல் அக்கா.

போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஏலக்காடுகளில், உலகம் அழிவதற்கு முழுத் தயாராக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயனில் கடைசி வீடு அவருடையது. வீட்டை ஒட்டிச் செங்குத்தான மண்மேடு. ஒரு மழையில் அதிலிருந்து ரெண்டு கூடை மண் சரிந்து அவருடைய அடுப்படி வாசலில் விழுந்தது. நாங்கள் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனோம். அக்கா ஜீப் பிடித்துப் போடிக்குப் போய் ஒரு விசில் வாங்கி வந்தார்.

அவர் வீட்டில் ஒரு கணவர், ஒரு ஆடு, ஒரு நாய், ஆறு கோழிகள். விசில் சத்தம் கேட்டதும் அத்தனை உயிரும் எதிர்ப்பாறை மேல் இருக்கும் ஏலக்காய் ஸ்டோருக்கு ஓடிவிட வேண்டும் என்பது திட்டம்.

முதல் ஒத்திகை காலை பத்து மணிக்கு நடந்தது. எங்கள் காட்டில் சாப்பாட்டு நேரத்துக்கும் கங்காணி விசில்தான் ஊதுவார். காய் எடுத்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் கூடையை இறக்கிவைத்துத் தூக்குவாளியைத் திறந்துவிட்டார்கள்.

கங்காணி மூச்சிரைக்க வந்தார். “ஏத்தா, என்ன சோலி பாக்குற?”

“மல சரிஞ்சா எப்பிடி ஓடணும்னு பழக்குறேண்ணே.”

“சரிஞ்சிருச்சா?”

“இன்னும் இல்ல.”

“சரியும்போது ஊது. இப்பப் பாரு, பாதிப் பேரு தின்னே முடிச்சிட்டாளுக.”

விசில் பறிபோனது. ‘ஊதல்’ என்ற பட்டப்பெயர் மட்டும் நிலைத்தது. மறுநாள் அக்கா எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்தார். தட்டினால் ஓட வேண்டும். ஓடி வந்தால் ஒரு பிடி சுண்டல். நாய் இரண்டு நாளில் கற்றுக்கொண்டது. ஆட்டுக்கு ஒரு வாரம் ஆனது. கணவருக்குப் பயிற்சி தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சுண்டல் வாசனைக்கு மற்ற வீட்டு ஆடுகளும் பிள்ளைகளும் ஓடிவர ஆரம்பித்தார்கள். என் அம்மாவும் ஓடினார். “மலைக்குப் பயந்தில்லடி, சுண்டலுக்குத்தான்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடுவார். கோழிகள் மட்டும் எந்தச் சத்தத்துக்கும் அசையவில்லை. அவற்றைக் கூடையில் அடைத்துத் தூக்கி வரும் பொறுப்பு, படித்தவள் என்பதால், எனக்கு வந்தது.

போன ஆடியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் மேட்டில் வெடிப்பு விட்டுச் செந்தண்ணீர் கசிந்தது. அக்கா தட்டினார்.

நாயும் ஆடும் முன்னால் ஓடின. பின்னாலேயே பிள்ளைகள், அம்மா, மற்ற வீட்டுக்காரர்கள். அக்காவின் கணவர் முதல்முறையாகச் சட்டையில்லாமல் வந்து சேர்ந்தார். கோழிக்கூடையை இறக்கிவைத்துவிட்டு எண்ணினேன். ஒரு ஆள் குறைந்தது.

கீழே இன்னும் தட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரையும் கூப்பிட அக்கா இருந்தார். அக்காவைக் கூப்பிட யாரையும் நியமிக்கவில்லை.

கீழே ஓடினேன். “எல்லாரும் வந்தாச்சுக்கா, வாங்க!”

“கோழி எத்தன?”

“ஆறு!”

“ஒங்க மாமா?”

“வந்துட்டாரு!”

“பொய் சொல்லாத.”

“சட்ட போடாம வந்துட்டாருக்கா, வெரசா வாங்க!”

அதன் பிறகுதான் நம்பினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் ஸ்டோர் வாசலில் ஏறி நின்றபோது, அவர் வீட்டின் பாதி மண்ணுக்குள் போனது. அக்கா திரும்பிப் பார்த்தார்.

“சுண்டலு அடுப்புலயே இருந்துச்சே” என்றார்.

இப்போது எல்லோரும் வேறு லயனில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு வாங்கி வீடு வீடாகப் போனேன். எந்த வீட்டில் யார், என்ன வளர்க்கிறார்கள், அவசரத்தில் யாரை யார் கூட்டிவருவது என்று கேட்டுப் பென்சிலால் எழுதினேன். அக்காவின் பெயருக்கு எதிரே யாரை எழுதுவது என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. என் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டேன்.