முத்துப்பிரியாவுக்குத் துப்பாக்கி பிடிக்க ஒரு வழி

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு, சிலமலையிலிருந்து உன் அப்பா வீரையா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். மழை வெறித்ததால் மலையில் ஏலச்செடிக்கு மருந்தடிக்கிறோம். அங்கே போலீஸ் பயிற்சியில் உன் உடம்பும் முட்டியும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, சுட்டதும் துப்பாக்கி மேல துள்ளுது, ரெண்டாவது குண்டு எங்க போகுதுன்னே தெரியல" என்று அழுதாய். வெள்ளிக்கிழமை மறுபரீட்சையிலும் குறி தப்பினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து என்றாய். இங்கே பஸ் ஸ்டாப்பில் உன் படம் போட்ட பேனரே கட்டியாகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற நாளில் உன் போனை அங்கே வாங்கி வைத்துவிடுவதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

குரங்கணிக்கு மேலே நம் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டாருக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி உண்டல்லவா, பிரஷர் கூடினால் அதுவும் துள்ளும், அதில் பழகி உனக்குச் சொல்லலாம் என்று வேலையாள் ஜக்கையனிடம், "மோட்டார முழுசா வையிடா" என்றேன். "வேணாம்ணே, தூக்கி எறிஞ்சிரும்" என்றான், நான் எங்கே கேட்டேன், பிடியின் அடியில் ஒற்றைக் கையால் பிடித்தேன், அது மூக்கைத் தூக்கிக்கொண்டு நீலத் துருசும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை மரத்துக்கு மேல் பீய்ச்ச, கீழே ரோட்டில் ஜீப்பில் வந்த ஏலக்காய் வியாபாரி அப்துல் சமது பாய் மேல் அத்தனையும் இறங்கியது. மகள் ஷம்னாவின் நிக்காஹ் பத்திரிகையோடு வெள்ளைச் சட்டையில் வந்த மனிதர்! "வீரையாண்ணே, பத்திரிகை வைக்க வந்தவனுக்கு இப்பிடியா நீலம் போடுவீக?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நம்ம புள்ளைக்காகவா? அப்ப இன்னொருக்கா அடிங்க" என்று ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இரண்டாம் தடவை இரு கையாலும் பிடித்தேன், ஆனால் பயத்தில் பின்னால் சாய்ந்துவிட்டேன், உட்கார்ந்தபடியே நாலு வரிசைச் செடியைத் தாண்டிச் சறுக்கி ஓடையோரம் போய் நின்றேன். மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்து இறுக்கியதில் கை நடுங்கி, மருந்து தேனடையில் போய்ப் பட்டது. தேனீக்கள் எங்களை ஜீப்பு வரைக்கும் வழியனுப்பின. நேற்றுத்தான் பிடி கிடைத்தது. பத்து எண்ணும்வரை ஒரே செடியின் தூரில் அடித்தேன்.

ஆகவே ஆத்தா, வலது கையை இடைவெளி இல்லாமல் பிடியின் உச்சிவரை ஏற்றி வை. இடது கையால் அதைச் சுற்றி அணைத்து, அந்தக் கையால் கொஞ்சம் கூடுதலாக அழுத்து. கட்டைவிரல் இரண்டும் முன்னால் பார்க்கட்டும். உடம்பை முன்னால் சாய். நடுங்குமளவுக்கு இறுக்காதே.

ஜக்கையன் உன்னை விசாரித்தான். முகம் வீங்கியிருந்தாலும் சமது பாய் உனக்காக துஆ செய்கிறார். ஒவ்வொரு குண்டும் நீ நினைத்த இடத்தில் போய்ச் சேர ஆசீர்வதிக்கும்,

அப்பா.

பி.கு.: இதை வாசித்துக் காட்டியதும் உன் அம்மா ஈஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அவ பீச்சாங்கைக்காரி. ஒண்ணாப்புல அந்தக் கையக் கட்டிப்போட்டுல்ல எழுத வச்சீக! இப்பவும் நீங்க இல்லாதப்ப அருவாளையும் கரண்டியையும் எடங்கையிலதான் பிடிப்பா" என்றாள். எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. உனக்கு மறக்கவில்லை, அதனால்தான் அங்கேயும் வலது கையிலேயே சுடுகிறாய் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆத்தா. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. அதிகாரியிடம் கேட்டு இடது கையிலேயே சுடு. அப்பா ஒன்றும் சொல்லமாட்டேன்.