வயல் நடுவே நின்ற பேச்சாளர்

மேடையில் ஒருவன் எதை வேண்டுமானாலும் பேசிவிட்டு இறங்கலாம். ஆனால் அடுத்த வாரம் அவன் வீட்டு வயலில் நடவு இருக்கக் கூடாது. இதை நான் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு கற்றுக்கொண்டேன்.

1980 தை மாதம். காஞ்சிபுரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நான் மும்முரமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடுவது என்றால், ஒன்பது மணிக்கு எழுந்து, காலை நாஷ்டாவை முடித்து, டீக்கடைக்குப் போய் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து, அதில் எனக்கு வேலை இல்லை என்று உறுதி செய்துகொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது. (ரொம்ப அலைச்சல்.)

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். "இன்றைய வாழ்க்கையில் அதிகம் கஷ்டப்படுவது ஆண்களா, பெண்களா?" ஆண்கள் அணிக்கு நான் தலைவன். பெண்கள் அணிக்காகப் பேசியவர்கள் ரைஸ் மில் கணக்குப்பிள்ளையும் ஒரு கம்பவுண்டரும். (பெண்கள் எல்லாம் கீழே மணலில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அவர்களையே கேட்டுவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.)

நான் வெளுத்து வாங்கினேன். "ஆணுக்கு வேலை தேடும் கவலை! பெண்ணுக்கு என்ன கவலை? நடவு நடும்போதுகூடப் பாட்டுப் பாடிக்கொண்டே நடுகிறார்கள். கஷ்டப்படுகிறவர்களுக்குப் பாட்டு வருமா? சிந்தித்துப் பாருங்கள்!" ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. நடுவர் எங்களுக்கே தீர்ப்புச் சொல்லி, எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். அந்தத் துண்டை நான் பத்து நாள் தோளை விட்டு இறக்கவில்லை.

அதே சமயம் எங்கள் வீட்டில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. என் அக்கா சரோஜா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னைவிட அறுபது மார்க் அதிகம். அவளுக்கு உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. திங்கட்கிழமை புது வகுப்பு தொடங்குகிறது. அதை விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளை பார்த்து அனுப்பிவிடுவார்கள், அத்தோடு கதை முடிந்தது. ஆனால் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"நீ காலைல பஸ் ஏறிப் பூட்டா, தண்ணி யாரு எடுக்கறது? மாட்டுக் கொட்டாயில சாணிய யாரு வார்றது?"

அம்மாவுக்கு மூட்டு வலி. அதனால் அந்த வேலையெல்லாம் அக்கா தலையில்தான். "எனக்காக நைனாகிட்ட ஒரு வார்த்த பேசேன்" என்று அக்கா என்னிடம் வந்து கேட்டாள். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு, "உனக்கு இன்னாக்கா கொறச்சல்? வூட்ல ராணி மாதிரி கீற. வெளிய போய்ப் பார்த்தாத்தான் கஷ்டம் தெரியும்" என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போய்விட்டாள். இப்போது நினைத்தாலும் என்னையே ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை எங்கள் ஏரிக்கரை வயலில் நடவு. எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் வயலுக்கு ஒருவர் மாறி மாறி நடவுக்குப் போவார்கள். அன்றைக்குப் பன்னிரண்டு பேர், அக்காவையும் சேர்த்து. மேற்பார்வை செய்யலாம் என்று நானும் துண்டோடு வரப்பில் போய் நின்றேன். நடவுக்குத் தலைமை பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சின்னம்மா. குனிந்த தலை நிமிராமலே கேட்டார்.

"வாப்பா பேச்சாளரு! பாட்டு பாடிக்கினே நடறதால எங்களுக்குக் கஷ்டமே இல்லன்னியாமே? எறங்கி நீயுந்தான் ஒரு பாட்டு பாடேன்."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். இருபத்தோரு வயசு ரோஷம் சும்மா விடுமா? "நான் எறங்கினா நீங்க ஈடு குடுக்க முடியாது, சின்னம்மா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அக்கா நகர்ந்து வரிசையின் நடுவில் எனக்கு இடம் விட்டாள்.

நடவு நட்டவர்களுக்குத் தெரியும். வரிசையாகக் குனிந்து நின்று, கைக்கு எட்டும் அகலத்துக்கு நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னால் போக வேண்டும். நட்டது முன்னால், நடாதது பின்னால். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இருபது நிமிஷத்தில் அது இனி எனக்கு இல்லை என்று தெரிந்தது. அதைவிடக் கொடுமை, நான் ஊன்றிய நாற்றெல்லாம் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. அழுத்தி ஊன்றினால் தண்டு ஒடிந்தது. பக்கத்தில் இருந்த அக்காவின் நாற்று பட்டாளம் போல நிமிர்ந்து நின்றது. மிதந்ததை மறுபடி ஊன்றுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை முறை வானத்தைப் பார்த்தேன் என்பது சூரியனுக்குத்தான் தெரியும்.

(பாட்டா? மூச்சே வரவில்லை.)

ஒருமுறை நிமிர்ந்தபோது இரண்டு பக்கமும் ஆளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெண்கள் எனக்குப் பின்னால் வெகு தூரம் போயிருந்தார்கள். போனது மட்டுமா? என் பங்கு இடத்தையும் அவர்களே அடைத்து நட்டுக்கொண்டு போய்விட்டார்கள். முன்னால் நாற்று, பின்னால் நாற்று, இடமும் வலமும் நாற்று. நடுவில் ஒரு பாய் அளவு சேற்றில் நான். ஒரு காலைத் தூக்கினேன்.

"ஏய்! பயிர மிதிக்காத!" என்று பன்னிரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. காலை இறக்கிவிட்டேன். நட்ட அன்றைக்கே சொந்த வயலை மிதித்த விவசாயி மகன் என்ற பெயர் ஏழு ஊருக்குப் போய்விடும்.

"கோட்ட கட்டிட்டோண்டி! ராஜா உள்ள கீறாரு!" என்றார் கன்னியம்மா சின்னம்மா.

அவர்கள் பாடிக்கொண்டே மீதி வயலையும் முடித்தார்கள். நான் நின்றேன். வெயில் ஏறியது. வரப்பில் போன சைக்கிள்கள் நின்று பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் நைனா கஞ்சிப் பானையோடு வந்தார். வந்தவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, வயலு நடுவுல எதுக்குப் பொம்ம நட்டு வெச்சிக்கீறீங்க?"

"பொம்ம இல்ல மாமா, உன் புள்ள!" என்றாள் ஒருத்தி.

நைனா பானையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னை வெளியே எடுக்க ஒரே வழிதான் இருந்தது. யாராவது வரப்பிலிருந்து என் வரைக்கும் ஒரு தடம் நாற்றைப் பிடுங்க வேண்டும், நான் வெளியே வந்ததும் அதைத் திரும்ப நட வேண்டும். அதற்கு, கரையேறி மற்றவர்களோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். வரப்பு ஓரத்தில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வழி வுடுக்கா" என்றேன்.

"வுடறேன். திங்கக்கெழமலேர்ந்து நான் டைப்புக்குப் போறேன். தண்ணி நீ எடுக்கற, கொட்டாய் நீ வார்ற. சரின்னு சொல்லு."

"அதெல்லாம் பொம்பளைங்க வே..."

"வாங்கடி, கஞ்சி ஆறிப் பூடும்" என்று கன்னியம்மா சின்னம்மா எழுந்தார். "அவரு அறுப்பு வரிக்கும் இங்கியே நின்னு யோசிக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு என் கால் கட்டை விரலைப் பிடித்தது. "சரி! சரி! சரிக்கா!" என்று நான் போட்ட கூச்சல் பல மைல் தள்ளி இருக்கும் பெருநகர் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா நைனா? தண்ணி யாரு எடுக்கறதுன்னு கேட்டுக்கினே இருந்தியே, ஆளு கெடச்சிட்டான்." நைனா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு தன்னையே பார்க்கும் பதினோரு பெண்களைப் பார்த்தார்.

"சரி, போய்ட்டு வா" என்றார்.

அக்கா சட்டென்று குனிந்து நாற்றைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அவள் அழுததை நான் பார்த்துவிட்டேன். அந்த வகுப்புக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்டு கடித்ததைவிட அது வலித்தது.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறினாள். நான் குடத்தோடு அடிபம்புக்குப் போனேன். தினம் ஆறு குடம். முதல் வாரம் தலையில் வைத்துப் பாதித் தண்ணீரை என் சட்டைக்கே கொடுத்தேன். பிறகு வெட்கத்தை விட்டு இடுப்பில் வைத்தேன். அக்கா லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, எனக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே அரசாங்க வேலைக்குப் போய்விட்டாள். அவளைத் தேடி மாப்பிள்ளைதான் வந்தார்.

வேலை கிடைத்த பிறகும் குடம் என்னை விடவில்லை. எனக்குக் கல்யாணமாகி, வாலாஜாபாத்திலிருந்து வந்த வசந்தா முதல் நாள் காலையில் குடத்தைத் தூக்கினாள். அம்மா ஓடிவந்து பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

"வெச்சிடும்மா. நம்ம வூட்ல தண்ணி ஆம்பளைங்கதான் எடுக்கறது. தலமொற தலமொறயா அப்பிடித்தான் வயக்கம்."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் மாட்டைப் பார்த்தார். வசந்தா அதை அப்படியே நம்பி, பிறந்த வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து உண்மை தெரிந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள், குடத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

போன வருஷம் என் மகனுக்குக் கல்யாணம். மருமகள் சமையலறைக்குத் தண்ணீர் கேனைத் தூக்கப் போனாள். வசந்தா கொஞ்சமும் சிரிக்காமல், "இந்தக் குடும்பத்துல ஏழு தலைமுறையா ஆம்பளைங்கதான் தண்ணி எடுக்கறது வழக்கம், வேணும்னா உன் மாமனாரையே கேளு" என்றாள். மருமகள் என்னைப் பார்த்தாள். என் மகனும் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தான். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அக்காவும் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "எங்க முப்பாட்டன் ரெண்டு ரெண்டு குடமா எடுப்பாராம்."