தொடையெலும்புக்கு வைத்த பொட்டு

எனக்கு ஒரு வியாதி உண்டு. கேஸை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். மூன்றாவது தடவை பற்றவைத்துவிட்டு வந்துவிடுவேன். (டாக்டரிடம் காட்டலாம். வீட்டிலேயே ஒருத்தி டாக்டராகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் செய்ததற்குப் பிறகு கேட்க முகமில்லை.)

என் நாத்தனார் காயத்ரிக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் வீடு சிறியது. முதல் வருஷப் புத்தகங்கள் வந்து இறங்கியதும் இன்னும் சிறியதாயிற்று. பாடம் என்னவோ மூன்றுதான். ஒவ்வொன்றுக்கும் பேராசிரியர் சொன்ன தடிப்புத்தகம், சீனியர்கள் சொன்ன மெல்லிய புத்தகம், மெல்லியதைப் புரிந்துகொள்ள ஒரு கைடு, படம் பார்க்க அட்லஸ், போதாததற்கு டேப்லெட்டில் வீடியோ. தடிப்புத்தகத்தால் பலன் அடைந்தவள் என் மகள் மட்டுமே. அதன்மேல் ஏறி நின்றால் ஜன்னல் எட்டும். காயத்ரி நம்பியது ஒரு சீனியரின் ஜெராக்ஸ் கட்டையும், கட்டிலடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் கிடந்த எலும்புகளையும்தான்.

"பிளாஸ்டிக்தான் மன்னி," என்றாள். நம்பினேன். அவற்றின்மேல் சிவப்பும் நீலமுமாகப் பெயிண்ட் வேறு. தசை தொடங்கும் இடத்துக்குச் சிவப்பு, முடியும் இடத்துக்கு நீலம் என்று படிக்கிற பிள்ளைகளே பூசிவைப்பார்களாம்.

நவராத்திரி வந்தது. இங்கே அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜையில் வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். அதுவரை ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது. விஜயதசமிக்கு மறுநாள் காயத்ரிக்கு எலும்புகளைப் பற்றி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அஷ்டமியன்று அவள் காலேஜிலிருந்து வரத் தாமதமாயிற்று.

"வித்தைக்கு உள்ளது ஒண்ணும் விட்டுடாதே, கேட்டியோ," என்றார் மாமியார் அடுக்களையிலிருந்து.

இந்த மாதிரி வார்த்தையை என்னிடம் சொல்லவே கூடாது. தடிப்புத்தகத்தை வைத்தேன். மெல்லியதை விட்டால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாளோ? வைத்தேன். ஜெராக்ஸ் புத்தகத்தில் சேர்த்தியா? சந்தேகமாக இருந்தது, வைத்தேன். டேப்லெட்டைச் சார்ஜரோடு வைத்தேன். கடைசியில் கட்டைப்பை. டாக்டருக்குப் படிப்பவளுக்கு எலும்புதானே ஆயுதம்? ஸ்கூட்டருக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைக்கிறோம், இதற்கு வேண்டாமா? ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தனம் தீற்றி, குங்குமம் வைத்தேன். (மண்டையோட்டுக்கு மட்டும் இடம் தேட வேண்டியிருக்கவில்லை.) மாமியார் எட்டிப் பார்த்து, "கொலு பொம்மையாட்டம் இருக்குடீ," என்று பாராட்டி, சுண்டலை நைவேத்யம் செய்தார். பிறகு எலும்புகளை மறுபடி பையில் போட்டு அங்கேயே கட்டிவைத்தேன்.

காயத்ரி வந்து பார்த்து அலறினாள். "மன்னி, அந்த ஜெராக்ஸ மட்டுமாவது!"

"பூஜைல வெச்சத எடுக்கப்படாது," என்றார் மாமியார். இரண்டு நாள் அவள் தன் தொடையையே தடவிப் பார்த்தபடி வீட்டுக்குள் நடந்தாள்.

விஜயதசமி விடியலில், அவள் குளித்து வருவதற்குள், எலும்புகளை ஈரத்துணியால் துடைத்தேன். எல்லாம் போயிற்று, தொடையெலும்பின் உட்புறத்தில் ஒன்றைத் தவிர. தேய்க்கத் தேய்க்க அது உள்ளே இறங்கியது. சொல்லலாமா? ஏற்கெனவே என்னால் இரண்டு நாள் போயிற்று. இத்தனை சிவப்புக்கு நடுவே இது யார் கண்ணில் படப்போகிறது? சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அழுதுகொண்டே வந்தாள். பேராசிரியர் காலேஜின் தொடையெலும்பைக் கையில் கொடுத்து, உட்புறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இவள் கண்ணை மூடி, எங்கள் வீட்டு எலும்பை நினைத்து, ஒரு மசில் அங்கே தொடங்குகிறது என்றிருக்கிறாள். என்ன மசில்? பேர் மறந்துவிட்டது.

"பேரு மறக்கலாம் மோளே," என்றாராம் அவர். "இல்லாத்த மசிலை எங்ஙனெ மறக்கும்?"

அந்தப் பரப்பில் எதுவுமே ஒட்டாது என்பது முதல் வாரமே தெரிய வேண்டிய பாடமாம். ஃபெயில். இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும்.

"நான் கண்ணால பாத்தேன் மன்னி! செவப்பா இருக்கு!"

"அது... குங்குமம்," என்றேன். "நான்தான் வெச்சேன். பிளாஸ்டிக்தானே, தொடச்சா போயிடும்னு..."

"பிளாஸ்டிக்கா இருந்தா போயிருக்குமே! அது ஒறிஜினலாக்கும்!"

சொன்ன பிறகுதான் வாசற்படியில் காபியோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். மாமியார் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒறிஜினல்னா... யாரோடது?"

"குடுத்த சீனியருக்கே தெரியாதாம் அம்மா," என்றாள் காயத்ரி.

"யாருன்னே தெரியாதவாளுக்கா நான் சுண்டல் நைவேத்யம் பண்ணேன்?"

பூஜை அறையை மூன்று முறை அலம்பினோம். வாத்தியார் வந்து புண்யாஹவாசனம் செய்தார். எதற்கென்று கேட்டார், பல்லி விழுந்தது என்றோம். பை அன்றே ஹாஸ்டலுக்குப் போயிற்று. அடுத்த வைவாவில் முதல் கேள்வியே தொடையெலும்பின் உட்புறம்தான். "அங்கே ஒண்ணுமே இல்லை சார்!" என்று காயத்ரி போட்ட சத்தத்தில், பக்கத்து மேஜைப் பையனும் அதையே சொல்லிப் பாஸாகிவிட்டானாம்.

இப்போது அவள் மூன்றாம் வருஷம். எலும்புகள் ஜூனியர்களிடம் போய்விட்டன, பொட்டு போகவில்லை. போன வாரம் கரமனையிலிருந்து ஒரு முதல் வருஷப் பெண் போன் செய்தாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். காயத்ரி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, தொடையெலும்பு உள்பக்கம் ஒரு செவப்புப் புள்ளி இருக்கே, எந்தப் புக்லயும் காணல. அங்க என்ன தொடங்குது?"

"எங்க மன்னி," என்றாள் காயத்ரி. "எங்க முடிவாள்னு இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."