பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் கொடுத்த சுவாமிகள்

மனிதர்களுக்கு ஆயுள் கொடுக்கிற சாமியார்களைக் கல்கத்தா ஏராளமாகப் பார்த்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் கொடுக்கிற சாமியார் 1923-ஆம் வருஷம்தான் வந்து இறங்கினார். பெயர், ஜலதி சுவாமிகள். இருப்பிடம், டாலிகஞ்சில் ஒரு ஜமீன்தாரின் பழைய தோட்ட வீடு. வாடகை கொடுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. மகான்களிடம் கேட்கிற கேள்வியா அது?

காலை டிராம் டாலிகஞ்சில் நின்றால் பாதி வண்டி அங்கேதான் காலியாகும். லண்டனுக்குப் படிக்கப் போகிற பையன்கள், ஜப்பானுக்குப் பட்டு வாங்கப் போகிற வியாபாரிகள், கம்பெனி வேலையாகக் கப்பலேறுகிற குமாஸ்தாக்கள் எல்லோரும் வந்தார்கள். வங்காளிகளும் வந்தார்கள், பவானிபூர்த் தமிழர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதி: பாஸ்போர்ட்டின் கெடு முடியப் போகிறது. பாஸ்போர்ட் என்ற வஸ்து சட்டமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கொடுத்தால் இரண்டு வருஷம் செல்லும். அதற்குமேல் என்ன செய்வது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தில்தானே சாமியார் முளைப்பார்!

மஹாதேவனுக்கும் அந்த வியாதி வந்தது. கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் அவனுக்கு வேலை. துரை அவனை எட்டு மாதப் பயிற்சிக்கு லண்டன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பயணம் இரண்டு தடவை தள்ளிப் போனதில், பாஸ்போர்ட்டுக்கு நாலு மாதம்தான் மிச்சம் இருந்தது. திரும்பி வருகிற நாள் வரைக்கும் செல்லுபடியாகிற பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வேறொருவன் போவான் என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சர்க்கார் ஆபீஸுக்குப் போய்க் கேட்டா என்ன?" என்றாள் அவன் மனைவி பாகீரதி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அங்கே போய்க் கெடு நீட்டிக் கொடுன்னா, இருக்கறதையும் பிடுங்கிண்டுடுவானாம். போலீஸ் விசாரணை வேற வருமாம்."

"யார் சொன்னா?"

"டாலிகஞ்ச்ல எல்லாரும் சொல்றா."

"எல்லாருக்கும் யார் சொன்னா?"

மஹாதேவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "உன் வளையல் ஜோடியை எடுத்துக்கோ. சுவாமிகள் பூஜை பண்ற சமுத்திர ராஜனுக்குத் தங்கம்தான் பிடிக்குமாம்" என்றான்.

பாகீரதி வளையலை எடுத்துக்கொண்டாள். கையில் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டாள்.

தோட்ட வீட்டுக் கூடத்தில் சுவாமிகள் புலித்தோலில் வீற்றிருந்தார். முறை சுலபமானது. பக்தர் பாஸ்போர்ட்டைத் தங்கத்தோடு சமர்ப்பிக்க வேண்டும். 'சங்கல்பப் பத்திரம்' என்று மஞ்சள் தடவி மடித்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கக்கூடாது, படித்தால் பலன் குறையும். பாஸ்போர்ட் சந்தனப் பெட்டிக்குள் போகும். பெட்டி ஏகாந்த அறைக்குள் போகும். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் புதுத் தேதி!

"மனுஷக் கை படறதில்லை. சமுத்திர ராஜனே எழுதறான்," என்றான் சிஷ்யன் பட்டாபிராமன். ஏகாந்த அறைக்குள் நுழையும் பாக்கியம் அவன் ஒருவனுக்குத்தான்.

பேங்கில் பெரிய உத்தியோகம் பார்க்கும் வைத்தீஸ்வரன், தன் பாஸ்போர்ட்டைப் பாகீரதிக்குப் பெருமையோடு காட்டினார். சுவாமிகளின் பிரதான பக்தர் அவர். பேங்கில் ஒரு கையெழுத்தை மூன்று தடவை சரிபார்க்காமல் பணம் கொடுக்கமாட்டார். இங்கே மட்டும் மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவார்.

"பாரும்மா! சாக்ஷாத் தெய்வத்தோட கையெழுத்து!"

பாகீரதி பார்த்தாள். ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை. கீழே ஒரு கிறுக்கல்.

"தெய்வம் இங்கிலீஷ்ல எழுதறதே, மாமா?"

"வெள்ளைக்காரன் தேசத்துக்குப் போற காகிதம். தமிழ்ல எழுதினா அவனுக்குப் புரியுமோ?"

அவளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண் மூடவில்லை. சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'பெட்டி கண் திறக்காத நாட்கள்'. ஞாயிறு. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல். போன புனித வெள்ளி. சக்கரவர்த்தியின் பிறந்த நாள்.

ஏகாதசிக்கும் அமாவாசைக்கும் வேலை செய்கிற தெய்வம், சக்கரவர்த்தி பிறந்த நாளுக்கு லீவு எடுக்கிறது! அவள் வீட்டில் இதே லீவுகளை எடுக்கிற ஆசாமி ஒருவர்தான். அவர் சணல் கம்பெனி குமாஸ்தா.

மஹாதேவன் பாஸ்போர்ட்டை நீட்டப் போனான். பாகீரதி அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "அடுத்த தடவை குடுக்கலாம்" என்று கிசுகிசுத்தாள். அவனுக்கு முன்னால் நின்றவன் நடராஜன், எடின்பரோவுக்கு வைத்தியம் படிக்கப் போகிற பிள்ளை. அம்மாவின் சங்கிலியைக் கையில் வைத்திருந்தான். அவன் பாஸ்போர்ட் பெட்டிக்குள் போனது. பட்டாபிராமன் பெட்டியைத் தூக்கினான்.

"சுவாமி, ஒரு பிரார்த்தனை," என்றாள் பாகீரதி. கூடம் திரும்பிப் பார்த்தது. "மனுஷக் கை படாம நடக்கற அற்புதம், அறைக்குள்ள நடந்தா என்ன, கூடத்துல நடந்தா என்ன? பெட்டி இங்கேயே இருக்கட்டும். எல்லாரும் கண்குளிரத் தரிசிக்கறோம். வைத்தீஸ்வரன் மாமா காவல் இருக்கட்டும்."

சுவாமிகளின் தாடி ஒரு கணம் ஆடியது. "ஏகாந்தம் வேணும், அம்மா."

"அடடா, சமுத்திர ராஜனுக்குக் கூச்சமா? கோடிப் பேர் பார்க்கத்தானே அலையடிக்கறான்!"

கூட்டம் சிரித்தது. வைத்தீஸ்வரனுக்கோ புல்லரித்தது. "என் ஜன்மம் கடைத்தேறித்து! நான் காக்கறேன் சுவாமி! மூணு நாள் லீவு போட்டுடறேன்!" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரியைத் துரத்தலாம். இப்படிப்பட்ட பக்தரை எப்படித் துரத்துவது? சுவாமிகள் விழித்தார்.

மறுநாள் காலை பாகீரதி கணவனை லால்திக்கி பக்கம் இருந்த சர்க்கார் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு என்பது மரியாதைக்கு. வழி நெடுக அவன், "பிடுங்கிண்டுட்டான்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

கவுண்டரில் அவர்களுக்கு முன்னால் கோட்டும் தலைப்பாகையுமாக ஓர் ஆள் நின்றான். ஒரு கட்டு பாஸ்போர்ட்டை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வாசல் வழியாக வேகமாகப் போனான். விபூதி இல்லை, காவி இல்லை. பட்டாபிராமன்தான்!

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த வங்காளிக் குமாஸ்தா யாரையும் கடிக்கவில்லை. ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, சில்லறைக் கட்டணம் கட்டினால் நாளைக்குக் கெடு நீட்டித் தருவதாகச் சொன்னார்.

"அவ்வளவுதானா, பாபு?" என்றான் மஹாதேவன். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"வேறென்ன வேண்டும்?" என்றார் குமாஸ்தா. பிறகு நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டார்: "இப்போது போனாரே அந்த ஏஜெண்டு, அவர் கொண்டுவருகிற பாரத்தில் எல்லாம் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கிறதே, அது ஏன்?"

பாகீரதி அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எழுதாத பாரம் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தோட்ட வீட்டில் ஊசி விழ இடமில்லை. வைத்தீஸ்வரன் சிவந்த கண்ணோடு பெட்டியைத் திறந்தார். நடராஜனின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பழைய தேதி. மறுபடி புரட்டினார். அதே பழைய தேதி.

"கூட்டத்தில் ஒரு அவிசுவாசக் கண் இருக்கு!" என்று சுவாமிகள் கர்ஜித்தார்.

"இருக்கு சுவாமி, என்னோடதுதான்," என்றாள் பாகீரதி. கணவனின் பாஸ்போர்ட்டை உயரப் பிடித்தாள். "இதோ ஊதா முத்திரை, அதே கிறுக்கல். லால்திக்கியில ஒரே நாள்ல வந்துடுத்து. மாமா, அங்கே அடுக்கியிருக்கே சங்கல்பப் பத்திரம், ஒண்ணைப் பிரிச்சு, ஆபீஸ்ல குடுத்த இந்தக் காகிதத்தோட வச்சுப் பாருங்கோ."

வைத்தீஸ்வரன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேங்குப் பழக்கம், மூன்று தடவை சரிபார்த்தார். அச்சு ஒன்று, எழுத்து ஒன்று. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் மஞ்சள் இல்லை.

"அப்ளிகேஷன் ஃபாரம்!" என்று பட்டாபிராமனைப் பார்த்து அலறினார். "அயோக்கியப் பயலே, என்கிட்டேயே அப்ளிகேஷன்ல கையெழுத்து வாங்கினியா? ஆபீஸுக்குப் போனா பிடுங்கிப்பான்னு கதை கட்டினவனும் நீதானா?"

பட்டாபிராமன் பின்கட்டு வழியாக ஓடினான். குளத்துப் படியில் வழுக்கி விழுந்தான். சமுத்திர ராஜனின் சிஷ்யனுக்கு நீச்சல் தெரியவில்லை. இரண்டு பக்தர்கள் இறங்கித் தூக்கினார்கள். ஏகாந்த அறையை உடைத்துத் திறந்தபோது தெய்வம் இல்லை. மைக்கூடும், மஞ்சள் டப்பாவும், சர்க்கார் விடுமுறைக் காலண்டரும், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நகையும் இருந்தன. அவரவர் நகையை அவரவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். சுவாமிகளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. நடராஜன் சங்கிலியை மடியில் முடிந்துகொண்டு லால்திக்கி டிராமுக்கு ஓடினான். அவன் கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

கூட்டம் கலையும்போது ஒருவர் பெருமூச்சு விட்டார். "என்ன இருந்தாலும் முகத்துல ஒரு தேஜஸ் இருந்தது. டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துல ஒருத்தர் வந்திருக்காராம். அவர் அசல்னு சொல்றா."

"யார் சொன்னா?" என்றாள் பாகீரதி.

அவர் டாக்குரியாவுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.

போகட்டும். பாஸ்போர்ட்டின் கெடு முடிந்தால் நீட்டித் தரச் சர்க்கார் ஓர் ஆபீஸ் வைத்திருக்கிறது. புத்தியின் கெடு முடிந்தவனுக்கு எந்த ஊரிலும் கவுண்டர் கிடையாது ஐயா! அந்த முத்திரையை அவனவனேதான் குத்திக்கொள்ள வேண்டும்.